கடலுக்குள்ள ஒரு மேய்ச்சல் தரை

நம்ம பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இங்கே என்ன கிடைக்கும் என்று தெரியும். நாற்றங்கால், நடவு, களை, ஆள் பற்றாக்குறை, கொள்முதல் நிலையத்து ஈரப்பதம், நடுநடுவே கொஞ்சம் ஆடு மாடு. இந்தத் தடவை கடல். அதுவும் கடலுக்கு மேல இல்லை, உள்ளே. "வரப்புல உட்கார்ந்து எழுதுற ஆளுக்குக் கடலுக்குள்ள என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாடி வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், நெல்லு, தலையாட்டி பொம்மை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள் பலருக்கு எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதே தெரியாது. இருக்கிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பட்டுக்கோட்டை, பேராவூரணிக்குத் தென்கிழக்கே நீண்டு கிடக்கிறது. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்தான் எங்கள் பக்கத்து வயலுக்கெல்லாம் தண்ணீர். அதன் கடைமடை முடிகிற இடத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் கடல் வந்துவிடும். சரபோஜி மன்னர், நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததைக் கொண்டாட 1814-ல் கட்டின மனோரா அந்தக் கரையில்தான் நிற்கிறது. அந்தக் கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தால் தெரிகிற பாக் விரிகுடாவின் அடியில்தான் இந்தப் பதிவு நடக்கிறது.

போன வருஷம் ஆடி மாசம், சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா பேரன் ஒரு பழைய ஆக்‌ஷன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். "சித்தப்பா, இது தண்ணிக்குள்ளயும் எடுக்கும். உங்க பம்புசெட்டுல போட்டுப் பாருங்க" என்றான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு ஒரு கண்ணாடிக் கூடு. கூட்டின் மூடியில் ரப்பர் வளையம். பைப்பு ஜாயிண்டில் போடுகிற வாஷர் மாதிரிதான். அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். மோட்டார் பழுது பார்க்கிற ஆளுக்கு இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து மூடினேன்.

முதல் பாடம் பம்புசெட் தொட்டியில். தண்ணீர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினால், மூணடி தள்ளிக் கிடக்கிற செம்பு ரெண்டே கால் அடியில் கிடக்கிற மாதிரி தெரிகிறது. கைநீட்டினால் எட்டவில்லை. தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் தண்ணிக்குள் எல்லாம் கால் பங்கு கிட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிசாகவும் தெரியும். கேமராவுக்கும் அப்படித்தான். ஆக, கண்ணுக்குப் பக்கத்தில் தெரிகிறதே என்று நின்றுவிடக் கூடாது, இன்னும் கிட்டே போக வேண்டும். தண்ணிக்குள்ள படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற முதல் விதியே அதுதான்: கிட்டே போ, அப்புறம் இன்னும் கிட்டே போ. நடுவில் இருக்கிற ஒவ்வொரு அடித் தண்ணீரும் படத்தைக் கலங்கடிக்கும்.

ரெண்டாவது பாடம் ஊர்க் குளத்தில், ஐப்பசியில். அல்லிக் கொடி ஓரமாக விரால் ஒன்று குஞ்சு காத்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சை மேலேயிருந்து பார்த்திருப்பீர்கள், செக்கச் செவேலென்று ஒரு கொத்தாகக் கொப்பளிக்கும். அடியிலிருந்து பார்த்தால் வேற மாதிரி. குஞ்சுக் கூட்டம் மேலே போய்க் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வர, தாயும் தகப்பனும் கீழே நிழலாக நிற்கிறார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் அரைமணி நேரம் அசையாமல் நின்ற பிறகுதான் என்னை ஒரு கம்பாக நினைத்துக்கொண்டு அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். அசையாமல் நிற்பதுதான் பாதித் தொழில். களையெடுக்கிற பெண்கள் பக்கத்தில் கொக்கு எப்படி நிற்கிறது என்று பார்த்தவனுக்கு அது புதுசில்லை.

குளத்துப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊருக்கு வருகிற கருவாட்டு அக்காதான் கடலுக்கு வழி காட்டியது. அறுவடைக் காலத்தில் கூடையோடு வந்து நெல்லுக்குக் கருவாடு கொடுத்துவிட்டுப் போகிற அக்கா. என் அம்மா காலத்திலிருந்து பழக்கம். "குட்டையில என்னத்தத் தம்பி எடுக்குற? எங்க அண்ணன் கூட வா. கடல்ல எடு" என்றது. எப்ப வரலாம் என்று கேட்டதற்கு, "வாடை அடங்கட்டும். நீ அறுத்து முடி" என்றது.

எங்கள் வேலைக்கும் அவர்கள் கடலுக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருப்பது அப்போதுதான் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்களுக்குச் சம்பாப் பயிரை வளர்க்கும்போது, அதே வாடைக் காற்று பாக் விரிகுடாவை அடியோடு கலக்கி விடுகிறது. விரிகுடாவில் ஆழம் கம்மி. பெரும்பாலான இடம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். அலை அடித்தால் அடிமண் மேலே வந்துவிடும். நாங்கள் தை, மாசியில் அறுத்து நிமிரும்போதுதான் கடலும் தெளிய ஆரம்பிக்கும். ஒரு போகம் முழுக்கக் காத்திருந்து, பங்குனி முதல் வாரம் கிளம்பினேன்.

அக்காவின் அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். சின்ன ஃபைபர் படகு, நண்டு வலை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியுமா?" என்றார். "புது ஆத்துல நீந்துவேண்ணே" என்றேன். "அது வாய்க்கால். இங்க உப்பு தூக்கும், முங்கத்தான் கஷ்டம்" என்றார். அப்படியே இருந்தது. ஆற்றில் மிதக்கக் கை கால் அடிக்க வேண்டும், கடலில் அடியில் போவதற்கு அடிக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குப் பழக அரை மணி நேரம் ஆனது. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவச் சொன்னார். உலகம் முழுக்க முங்குகிறவர்கள் செய்கிற வைத்தியம் அதுதானாம். செலவில்லாதது.

முதல் நாள் எடுத்த அறுபத்துச் சொச்சம் படமும் பச்சை. பாசி பிடித்த தொட்டிக்குள் யாரோ டார்ச் அடித்த மாதிரி. தண்ணீர் வெளிச்சத்தைத் தின்கிறது, அதிலும் சிவப்பைத்தான் முதலில் தின்கிறது. நங்கூரக் கயிறு சிவப்பு நைலான். படகில் ரத்தச் சிவப்பாக இருந்தது, பத்தடி ஆழத்தில் பழுப்பாகத் தெரிந்தது. ரெண்டாவது நாள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுபோய், அந்த ஆழத்தில் வைத்துக் கேமராவுக்குக் காட்டி, "இதுதான் வெள்ளை" என்று பழக்கின பிறகு நிறம் ஓரளவு திரும்பியது. விளக்குப் போட்டால் சரியாகுமே என்று நினைப்பீர்கள். கலங்கல் தண்ணீரில் நேருக்கு நேர் விளக்குப் போட்டால் மிதக்கிற தூசியெல்லாம் மார்கழிப் பனி மாதிரி பளபளக்கும், மீன் தெரியாது. வெயில் உச்சிக்கு வருகிற பத்திலிருந்து ரெண்டு மணிக்குள், வெளிச்சம் செங்குத்தாக இறங்கும்போது எடுப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விளக்கு.

இதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது. இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவர்கள் பட்ட பாட்டைப் படித்தேன். 1856-ல் இங்கிலாந்தில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, ஆனாலும் மங்கலாக ஒரு படம் தேறியது. 1893-ல் பிரான்சில் லூயி பூத்தான் தானே முங்கி எடுத்தார். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூட கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததாம். அந்த அரை மணி நேரம் எந்த மீன் நிற்கும்? நமக்கு அறுபது படம் எடுத்து ஒன்று தேறினால் போதும்.

மூன்றாவது நாள்தான் அடியில் இருப்பதை உண்மையாகப் பார்த்தேன். ரெண்டு ஆள் ஆழம். மேலேயிருந்து பார்த்தால் கறுப்புத் திட்டு. இறங்கினால், நடவு முடிந்து முப்பது நாள் ஆன வயல்! தாள் தாளாகப் பச்சை, அலைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு பக்கமாக நிமிர்கிறது. சூரிய வெளிச்சம் வலை வலையாக அதன்மேல் ஓடுகிறது. கடற்புல். இது பாசி இல்லை. வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடுகிற தண்டு உண்டு, இலை உண்டு, பூக்கும், காய்க்கும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கோடு கோத்துக்கொண்டு வருமே, அதே மாதிரி ஒரு தண்டிலிருந்து அடுத்த தாள் கிளம்பி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ரகமும் இல்லை. நாடா மாதிரி பட்டை இலை ஒன்று, ஊசி மாதிரி உருண்டை இலை ஒன்று, புளிய இலை மாதிரி முட்டை வடிவச் சின்ன இலை ஒன்று.

வயல் என்று தெரிந்த பிறகு வயலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடுவது சுலபமாகிவிட்டது. ஓரா மீன் கூட்டமாகப் புல்லைக் கொறித்துக்கொண்டு போனது. அதன் முள் குத்தினால் கடுக்கும், கிட்டே போகலாம், தொடக் கூடாது. நீலக்கால் நண்டு மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கடல் அட்டை, மணலைத் தின்று அதிலிருக்கிற மக்கை எடுத்துக்கொண்டு மணலை வெளியே தள்ளியது. மண்புழு பார்க்கிற அதே வேலை. அண்ணன் ஒரு இடத்தில் என் தோளைத் தட்டிக் காட்டினார். எனக்குப் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு தாள் கண்ணை உருட்டியது. கடல் குதிரை. வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அலைக்கு ஆடிக்கொண்டிருந்தது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001-லிருந்து பிடிக்கத் தடையுள்ள உயிர்கள். படம் எடுக்கத் தடையில்லை. ஏழெட்டுப் படத்தில் ஒன்றில்தான் கண் தெளிவாக வந்தது.

கரைக்குத் திரும்புகிற வழியில், புல் ஏக்கரா கணக்கில் பரவின ஒரு இடத்தில் ரெண்டு வகைத் தடம் பார்த்தேன். ஒன்று அகலமானது, கயிறு பிடித்தது போல நேராகப் போனது. அதன் ரெண்டு பக்கமும் புல் தண்டோடு பிய்ந்து, வேர் மேலே கிடந்தது. டிராக்டர் ஈர வயலில் தெரியாமல் இறங்கின மாதிரி. இன்னொன்று ஒரு சாண் அகலம்தான் இருக்கும். நாலைந்து அடி போய் வளைந்து, நின்று, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பித்தது. அதில் புல் வேரோடு போயிருந்தது, ஆனால் சுற்றி இருந்த புல் அப்படியே நின்றது. ரெண்டையும் எடுத்தேன்.

படகில் ஏறி, துண்டைத் தலையில் போட்டு நிழல் பண்ணிக்கொண்டு அண்ணனுக்குக் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்து, "மடி இழுத்தது" என்றார். கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள் இழுவை மடிப் படகு வரக் கூடாது என்பது 1983-லிருந்து இருக்கிற சட்டம். யார் படகு என்று கேட்டேன். "தெரியும். சொல்ல மாட்டேன். பொண்ணு குடுத்து எடுத்த எடம்" என்றார். ரெண்டாவது படத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"தம்பி, இது மடி இல்ல. ஆவுளியா மேஞ்ச தடம்."

ஆவுளியா என்று அவர்கள் சொல்வது கடற்பசு. மூணு மீட்டர் வரை வளரும், நானூறு கிலோ வரை இருக்கும், புல்லைத் தவிர வேறு பெரிசாக ஒன்றும் தின்னாது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ வேண்டும். மூக்கை மண்ணில் அழுத்தி, வேரோடு உழுதுகொண்டே போகும். விரால் மாதிரி இதுவும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், அதனால்தான் வலையில் சிக்கினால் சீக்கிரம் செத்துவிடுகிறது. பதின்மூணு பதினாலு மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூணிலிருந்து ஏழு வருஷம் ஆகும். நம்ம ஊர் மாடு எவ்வளவோ தேவலாம். இந்தியாவில் மொத்தமே 240 போலத்தான் இருக்கிறது, அதில் பெரும்பகுதி இந்தப் பாக் விரிகுடாவில் என்பது அரசாங்கம் சொல்கிற கணக்கு.

அந்தப் படம்தான் பிரச்சினையும் ஆனது. இதை இங்கே போடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"படத்தப் போடு, வேணாங்கல. எடத்தச் சொல்லிப் போடாத. நாளைக்கு நாலு போட்டு இத பாக்க வரும். அப்புறம் இங்க வலை எறக்காதேம்பாங்க. மேயிற மாட்டுக்கு வேலி போட்டா சரி. எங்களுக்குல்ல வேலி போடுவாங்க."

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தோம். எண்ணெய்க் கிணறு வராது, வயல் வயலாகவே இருக்கும் என்ற நிம்மதி. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. மீனவர்களுக்குப் புதுத் தடை எதுவும் இல்லை என்றும் அப்போதே சொன்னார்கள். ஆனால் அண்ணன் வீட்டில் யாரும் வெடி வெடிக்கவில்லை. "பாதுகாப்பு" என்ற ஒரே வார்த்தை, வயலில் எங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது. கடலில் அவரை வெளியே நிறுத்திவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்குப் பட்டா இருக்கிறது. வயல் என் பேரில். அவர் நாற்பது வருஷம் வலை போட்ட இடத்துக்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இதையும் சொல்ல வேண்டும். வலையில் சிக்கின கடற்பசுவை, வலையை அறுத்து உயிரோடு விட்டவர்களும் இதே கரைக்காரர்கள்தான். அப்படி விட்டவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுத்த செய்திகள் வந்திருக்கின்றன. அண்ணனிடம் கேட்டேன். "எங்க அப்பா காலத்துல கறிக்குப் புடிச்சாங்க. இப்ப யாரும் தொடுறதில்ல. நானும் ஒருக்கா அறுத்து விட்டேன். யாருட்டயும் சொல்லல. வலை போச்சு. அது குட்டியோட இருந்துச்சு" என்றார். இதைச் சொல்லும்போது எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

அதனால் இந்தப் பதிவில் அந்தத் தடத்தின் படம் இருக்கிறது, இடம் இல்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை பாகம் தள்ளி, எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. படத்துக்குள் தானாகப் பதிவாகிற ஜிபிஎஸ் குறிப்பையும் அழித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். இடத்தோடு இருக்கிற மூலப் படம் அண்ணன் மகனின் போனில் இருக்கிறது. கடற்பசு ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை அந்த வீடு முடிவு செய்யட்டும். மடி இழுத்த தடத்தின் படத்தையும் போட்டிருக்கிறேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மேய்ச்சல், கோரை மாதிரி பக்கத்துத் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்து மூடிவிடும். இன்னொன்று உழவு, விதைப்பு இல்லாத உழவு.

முயன்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தொடக்கக்காரன் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் தொட்டியிலோ குளத்திலோ பழகுங்கள். தனியாக இறங்காதீர்கள், அந்தக் கடல் தெரிந்தவர் படகில் இருக்கட்டும். சொறி அதிகமாக வருகிற நாளில் முழுக்கைச் சட்டை போடுங்கள். நங்கூரத்தை வெறும் மணலில் போடச் சொல்லுங்கள், புல்லில் வேண்டாம். புல்மேல் நிற்கவும் வேண்டாம், நட்ட வயலில் யாராவது செருப்போடு நடந்தால் நமக்கு எப்படி இருக்கும்? எதையும் தொட்டுத் திருப்பிப் படத்துக்காக நிறுத்தாதீர்கள். கரையேறியதும் கூட்டைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள், உப்பு காய்ந்தால் ரப்பர் வளையம் கெட்டுவிடும்.

கடைசி நாள் அண்ணனுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டேன். ஆவுளியாத் தடம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் தள்ளித் தள்ளிப் போய், நான் சும்மா எடுத்த ஒன்றில் நின்றார். அடியிலிருந்து மேலே பார்த்து எடுத்தது, அவர் படகின் அடிப்பக்கம், சுற்றிலும் வெள்ளி மாதிரி தண்ணீர். "இவ்ளோ சிப்பி ஒட்டியிருக்கா? அதான் எண்ணெ குடிக்குது" என்றார். மகனைக் கூப்பிட்டு அதை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னார்.

அடுத்த பங்குனிக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறார். அவர் நண்டு வலை புல்லில் எப்படி உட்கார்கிறது, எங்கே மாட்டுகிறது என்று அடியிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டுமாம். நாற்பது வருஷமாகப் போடுகிற வலை, தரையில் படுத்துக் கிடப்பதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேயிற மாட்டுக்கு வழி விட்டு வலை போட முடியுமா என்று பார்க்கணும் என்றார். மேட்டூர் திறந்து, சம்பா வளர்ந்து, வாடை அடங்கட்டும். அறுத்து முடித்துவிட்டுப் போகிறேன்.